அனுமன் தேர்ந்த மொழி

அசோகவனத்தில் மரக்கிளையில் மறைந்து அமர்ந்திருந்த அனுமனுக்கு அந்த இரவில் ஒரு பெரும் சங்கடம் நேர்ந்தது. இராவணன் விதித்த கெடுவும் அரக்கியரின் ஏச்சும் தாங்க மாட்டாமல், கீழே சீதாபிராட்டி உயிரை விட்டுவிடத் துணிந்து நிற்கிறாள். பேசாமல் இருந்தால் பொழுது விடியும்வரை அவள் இருக்கமாட்டாள். பேசினாலோ, பயந்து கூவிவிடுவாள்; காவலர் விழித்துக்கொள்வர். கற்றறிந்தவரைப் போல் வடமொழியில் பேசினால், மாறுவேடத்தில் வந்த இராவணனே இவன் என்று எண்ணிவிடுவாள். ஆகவே சாமானிய மனிதர் பேசும் மொழியில், தணிந்த குரலில், அவள் விரும்பிக் கேட்கக்கூடிய இராமகதையிலிருந்து தொடங்குவது என்று அனுமன் முடிவு செய்கிறான். சுந்தர காண்டத்தில் இந்த யோசனைக்கு மட்டும் வால்மீகி முனிவர் ஒரு முழு சர்க்கத்தை ஒதுக்கியிருக்கிறார்.

பாராயணம் செய்பவர்கள் அந்தச் சர்க்கத்தை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். கடலைத் தாண்டியதும் இலங்கையை எரித்ததும் நினைவில் நிற்கின்றன. கிளையில் அமர்ந்து, 'எப்படிப் பேசுவது?' என்று யோசித்த நேரம் நிற்பதில்லை. ஆனால் ஓர் உயிர் காப்பாற்றப்பட்டது அந்த நேரத்தில்தான். அனுமன் பிராட்டியைக் கடிந்துகொள்ளவில்லை. 'ஜனகரின் மகளுக்கு இது தகுமா?' என்று கேட்கவில்லை. பாவ புண்ணியம் பேசவுமில்லை. கேட்பவளுக்கு எந்த மொழி அச்சம் தராது என்பதையே முதலில் சிந்தித்தான்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குத் தற்கொலைத் தடுப்புப் பாடம் நடத்த முன்வரும் ஆசிரியர்களும் தொண்டர்களும் முதலில் படிக்க வேண்டியது இந்தச் சர்க்கமே. கர்நாடகத்தின் தென்கோடியில் உள்ள சாமராஜநகர் மாவட்டத்தை எடுத்துக்கொண்டு இதை ஆராய்ந்தால், பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்பது நன்கு விளங்கும்.

மூன்று மொழிகள் அமரும் வகுப்பறை

சாமராஜநகர் 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன் ஒரு பக்கம் தாளவாடியும் சத்தியமங்கலமும்; மற்றொரு பக்கம் குண்டல்பேட்டையைத் தாண்டினால் பந்திப்பூர் வனம், அதற்கப்பால் நீலகிரியும் வயநாடும். கொள்ளேகால் 1956 வரை சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகையால் கொள்ளேகால், ஹனூர்ப் பகுதிகளில் வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமுமாக வளரும் பிள்ளைகள் பலர். பிலிகிரிரங்கன் மலையிலும் மாதேஸ்வரன் மலையிலும் 'போடு' எனப்படும் குடியிருப்புகளில் வாழும் சோலிகர் இனப் பிள்ளைகளுக்குத் தம் இனத்தின் பேச்சே தாய்மொழி. சுவாமி விவேகானந்தரின் வாக்கினால் ஈர்க்கப்பட்ட மருத்துவர் எச். சுதர்சன் 1981-இல் பிலிகிரிரங்கன் மலையில் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரத்தைத் தொடங்கி, அம்மக்களுக்கு மருத்துவமும் கல்வியும் கொண்டு சேர்த்ததை அன்பர்கள் அறிவார்கள்.

இத்தகைய இடத்தில் ஒரு வகுப்பறையில் மூன்று மொழிகள் அருகருகே அமர்ந்திருக்கும். கணக்கையும் அறிவியலையும் பிள்ளைகள் கன்னடத்தில் கற்றுக்கொள்கிறார்கள். துக்கத்தைக் கன்னடத்தில் கற்றுக்கொள்வதில்லை. அது வீட்டு மொழியில்தான் வரும். 'சாக்காகிதெ' என்று கன்னடத்தில் ஒரு சொல் உண்டு. 'போதும் போதும் என்றாகிவிட்டது' என்பது பொருள். வீட்டுப்பாடம் எழுதிக் களைத்த சிறுவனும் அதைச் சொல்வான். வாழ்வே கசந்தவனும் அதையே சொல்வான். தமிழில் 'எனக்கு எல்லாம் வெறுத்துப்போச்சு' என்பதும் அவ்வாறே. எந்தக் குரலில், எந்த முகத்தோடு அது சொல்லப்பட்டது என்பதைப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் தோழன் அறிவான். ஐம்பது பேருக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் அறிவது கடினம்.

வளரிளம் பருவத்துப் பிள்ளை தன் உள்ளத்தை முதலில் திறப்பது பெரும்பாலும் தன் வயதினரிடமே. அந்தத் தோழனோ தோழியோ கேட்டதை என்ன செய்கிறார் என்பதில் ஓர் உயிர் தங்கியிருக்கக்கூடும். பாடத்தின் மையம் இதுவே. மற்றவை எல்லாம் இதற்குத் துணை.

தேர்வுத் தாள் மட்டுமா காரணம்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நம் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களுள் 13,044 பேர் மாணவர்கள். ஒவ்வொரு நாளும் முப்பத்தைந்து மாணவர்கள் என்று கணக்கிட்டால் அந்த எண்ணின் பாரம் புரியும்.

மாணவர் என்றதும் தேர்வுத் தோல்வியையே நாம் நினைக்கிறோம். அதே ஆவணத்தில் அனைத்து வயதினரையும் சேர்த்துப் பார்க்கும்போது, தேர்வுத் தோல்வி காரணமாகக் குறிக்கப்பட்டவை நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. குடும்பப் பிரச்சினைகள் 31.7 சதவீதம், நோய் 18.4 சதவீதம். காவல்துறைப் பதிவேட்டில் ஒரு மரணத்துக்கு ஒரு காரணமே எழுத இடம் இருக்கிறது. உண்மையில் எந்த மரணத்துக்கும் காரணம் ஒன்றாக இருப்பதில்லை. தந்தையின் குடி, தீராத கடன், பாதியில் நிறுத்தப்பட்ட படிப்பு, விரும்பாத திருமணப் பேச்சு, வெளியே சொல்ல முடியாத தீண்டல், கண்டறியப்படாத மனச்சோர்வு நோய் ஆகிய இவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். மதிப்பெண் தாள் கடைசியாக வந்து சேர்ந்ததாக இருக்கலாம்.

இருப்பினும் தேர்வை அலட்சியம் செய்வதற்கில்லை. ஓர் ஆண்டு வீணாகிவிடும் என்ற அச்சத்தைத் தணிக்க முடியும் என்பதைத் தமிழகம் காட்டியது. 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் நிறுவிய 'சிநேகா' அமைப்பு தொடர்ந்து வலியுறுத்தியவற்றுள் ஒன்று, தோற்ற மாணவர் அதே ஆண்டிலேயே மீண்டும் எழுதும் உடனடித் தேர்வு. அது நடைமுறைக்கு வந்தது. கர்நாடகமும் 2024-இல் எஸ்.எஸ்.எல்.சி. மாணவர்க்கு ஒரே ஆண்டில் மூன்று தேர்வு வாய்ப்புகளை வழங்கியது. தேர்வு முடிவு வெளியாகும் நாளுக்கு முன்பே இந்த வாய்ப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நிதானமாக விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். முடிவு வந்த பின் சொல்வது அநேகமாகக் காதில் விழாது.

கேட்டால் விதைத்ததாகுமா?

'குழந்தைகளிடம் இதைப் பற்றிப் பேசினால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தவர்கள் ஆவோமே!' என்ற அச்சம் பெற்றோரிடமும் தலைமை ஆசிரியர்களிடமும் இருக்கிறது. நல்லெண்ணத்தில் பிறந்த அச்சம்தான். ஆனால் அது சரியா என்பது சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிடம் மட்டும் தற்கொலை எண்ணம் உண்டா என்று வினாத்தாளில் கேட்டனர். 2005-இல் வெளியான முடிவின்படி, கேட்கப்பட்டவர்களிடம் கலக்கமோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கனவே துன்பத்தில் இருந்த பிள்ளைகளுக்கு அது சற்று ஆறுதலாகவே இருந்தது.

எப்படிப் பேசினாலும் நன்மை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முன்பு ஒருமுறை முயன்று பிழைத்த மாணவர் சிலருக்கு, பள்ளிகளில் நடத்தப்பட்ட தடுப்புப் பாடங்கள் நன்மை தரவில்லை என்பதை 1990-இல் வெளியான ஆய்வு ஒன்று எச்சரித்தது. ஆகவே வழிபாட்டுக் கூட்டத்தில் அறுநூறு பேரை வெயிலில் நிறுத்தி, சிறப்பு விருந்தினர் ஒருவர் அரை மணி நேரம் பேசிவிட்டுப் பொன்னாடையோடு புறப்படுவது இதற்கு உகந்த வழி அன்று.

உகந்த வழி எது என்பதற்கு இதுவரை கிடைத்துள்ள வலுவான சான்று ஐரோப்பாவிலிருந்து வந்தது. பத்து நாடுகளில் 168 பள்ளிகளைச் சேர்ந்த 11,110 மாணவர்கள் அதில் பங்குபெற்றனர்; முடிவு 2015-இல் வெளியிடப்பட்டது. சில பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு மட்டும் அபாய அறிகுறிகளைக் கண்டறியும் பயிற்சி. சிலவற்றில் வினாத்தாள் மூலம் மாணவர்களைச் சோதித்து மருத்துவரிடம் அனுப்புதல். இன்னும் சிலவற்றில் மாணவர்களே அமர்ந்து, நான்கு வாரங்களில் ஐந்து மணி நேரம் கலந்துரையாடி, சிறு நாடகங்களாக நடித்துப் பார்த்தனர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது முதல் இரண்டு வழிகளும் தெளிவான பயன் காட்டவில்லை. மாணவரை நேரே ஈடுபடுத்திய பள்ளிகளில் புதிதாகத் தற்கொலைக்கு முயன்றவர் 0.70 சதவீதம், ஒப்பீட்டுப் பள்ளிகளில் 1.51 சதவீதம். ஏறத்தாழப் பாதி. இதே பயிற்சி பின்னர்க் குஜராத்தின் மேசானா மாவட்டத்தில் பள்ளி மாணவர்க்கென மேற்கொள்ளப்பட்டது.

கர்நாடகத்துக்கும் சொந்த அனுபவம் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் வகுத்த வாழ்க்கைத் திறன் கல்வியை ஆசிரியர்களே உயர்நிலைப் பள்ளிகளில் நடத்தினர். அதைப் பெற்ற 605 மாணவர்களையும் பெறாத 423 மாணவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. பெற்றவர்களிடம் தன்மதிப்பும், இடர்களைச் சமாளிக்கும் ஆற்றலும், ஆசிரியருடனும் பள்ளியுடனும் இணக்கமும் கூடியிருந்தன. வீட்டோடு உள்ள இணக்கத்தில் மாற்றம் காணப்படவில்லை. பள்ளிப் பாடம் பள்ளிக்குள் செய்யக்கூடியதைச் செய்கிறது. வீட்டு வாசலைத் தாண்ட வேறு முயற்சி வேண்டும்.

பாவம் என்று பயமுறுத்தலாமா?

நீதி வகுப்புகள் நடத்தும் அன்பர்கள் இங்கே சற்று நின்று தம்மையே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'தற்கொலை மகாபாவம், அப்படிச் செய்பவர் இருள் சூழ்ந்த உலகங்களுக்குச் செல்வர்' என்று கூறி, ஈசாவாஸ்ய உபநிஷதத்தின் மூன்றாம் மந்திரத்தைச் சான்று காட்டுவோர் உண்டு. ஆன்மாவைக் கொல்பவர் என்ற தொடர் அம்மந்திரத்தில் வருவது உண்மை. ஆனால் ஸ்ரீ சங்கரர் தம் பாஷ்யத்தில் அதற்குக் கூறும் பொருள் வேறு. என்றும் உள்ள ஆன்மாவை அறியாமையால் மறைத்து வாழும் அஞ்ஞானிகள் அனைவரையும் அது குறிக்கிறது என்கிறார் அவர். அப்படியானால் மேடையில் பேசுபவரும் அந்தக் கணக்கில் வந்துவிடக்கூடும்! துயருற்ற பதினான்கு வயதுப் பிள்ளையை அச்சுறுத்துவதற்காக அருளப்பட்ட மந்திரம் அன்று அது.

இதன் நடைமுறை விளைவைப் பார்க்க வேண்டும். நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில் ஒரு சிறுமிக்கு அந்த எண்ணம் ஏற்கனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'பாவம்', 'கோழைத்தனம்' என்ற சொற்களைக் கேட்டதும் அவளுடைய எண்ணம் போய்விடுவதில்லை. அதைச் சொல்லும் தைரியம்தான் போய்விடுகிறது. அந்த வகுப்பிலேயே, முந்தைய ஆண்டு தன் அண்ணனை இப்படி இழந்த மாணவனும் அமர்ந்திருக்கலாம். அவனுக்கு அந்தச் சொற்கள் எப்படிக் கேட்கும்?

'வலிமையே வாழ்வு' என்று சுவாமி விவேகானந்தர் முழங்கியதையும் இவ்விடத்தில் தவறாகக் கையாளுவது எளிது. சுவாமிஜியின் வாழ்விலேயே இருண்ட நாட்கள் உண்டு. 1884-இல் தந்தையார் விசுவநாத தத்தர் காலமான பின், வேலை தேடிப் பட்டினியோடு கல்கத்தா வீதிகளில் வெறுங்காலுடன் அலைந்த நரேந்திரரின் துயரத்தை அன்பர்கள் படித்திருப்பார்கள். அப்போது குருதேவர் அவரிடம், 'நீ வீரன், கலங்காதே' என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. அன்னை காளியின் சந்நிதிக்கு அனுப்பினார். இறுதியில் அந்தக் குடும்பத்துக்கு எளிய உணவுக்கும் உடைக்கும் குறைவராது என்று உறுதியளித்தார். பசியால் வந்த துயருக்குச் சோற்றைப் பற்றிய வாக்குறுதி. துன்பத்தில் இருக்கும் பிள்ளைக்கும் முதலில் தேவைப்படுவது அத்தகைய ஒன்றே. விடுதியில் அடிக்கும் மாணவனை விலக்கி வைப்பது, கல்விக் கட்டணத்துக்கு வழி செய்வது, மருத்துவரிடம் உடன் செல்வது போன்றவை ஒரு சொற்பொழிவு செய்யாததைச் செய்யும். ஜபமும் பிரார்த்தனையும் மனத்துக்குப் பெருந்துணை; மனச்சோர்வு நோய்க்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்துக்கு அவை மாற்று ஆகமாட்டா. 'தினமும் நூற்றெட்டு முறை நாமம் சொல், எல்லாம் சரியாகிவிடும்' என்று அனுப்பப்பட்ட பிள்ளைக்குச் சரியாகாமற்போனால், இறைவனும் தன்னைக் கைவிட்டான் என்ற எண்ணம் அல்லவா மிஞ்சும்?

பாடம் நடக்கும் விதம்

ஒன்பதாம் வகுப்பு இதற்கு ஏற்ற பருவம். பத்தாம் வகுப்பின் பரபரப்பு இன்னும் தொடங்கியிருக்காது. உள்ளத்தில் நடப்பதைச் சொற்களால் சொல்லும் வயதும் வந்திருக்கும். நான்கைந்து வாரங்கள், வாரம் ஒரு பாடவேளை போதும். நாற்காலிகளை வட்டமாகப் போட வசதியில்லாவிட்டால் தரையில் அமரலாம்.

முதல் நாள் தற்கொலை என்ற சொல்லே வர வேண்டியதில்லை. கோபம், வெட்கம், பொறாமை, ஏக்கம், தனிமை ஆகியவற்றுக்கு வீட்டில் என்ன சொல் வழங்குகிறது என்று ஒவ்வொருவரையும் கேட்கலாம். கன்னடச் சொல், தமிழ்ச் சொல், சோலிகர் சொல், உருதுச் சொல் எல்லாம் கரும்பலகையில் ஏறட்டும். ஆசிரியருக்குப் புரியாத மொழியில் ஒரு மாணவன் தன் துக்கத்துக்குப் பெயர் சொல்ல, மற்றொருவன் அதை மொழிபெயர்க்கும்போது வகுப்பின் காற்றே மாறிவிடும்.

அடுத்து, அனுமனின் மற்றொரு காட்சி. பிராட்டியைக் காண்பதற்கு முன், இலங்கை முழுதும் தேடிச் சலித்து, அனுமனே நம்பிக்கை இழந்து உட்கார்ந்துவிடுகிறான். 'வெறுங்கையோடு திரும்பினால் இராமன் உயிர் தரியான், அவன் இல்லையேல் இலக்குவன் இரான், பரதனும் சத்துருக்கனனும் இரார், தாயர் இரார், சுக்கிரீவனும் வானரரும் அழிவர்' என்று ஒன்றிலிருந்து ஒன்றாக அவன் மனம் சங்கிலி கோத்துக்கொண்டே போகிறது. ஆகையால் தான் மடிவதே மேல் என்றும் எண்ணுகிறான். பிறகு, உயிரோடு இருப்பவனுக்கே நன்மையைக் காணும் வாய்ப்பு உண்டு என்று தெளிகிறான். அப்போதுதான் தான் இன்னும் தேடாத ஓர் இடம், அசோகவனம், அவன் கண்ணில் படுகிறது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, 'கணக்குத் தேர்வில் தோற்ற ஒரு மாணவன் மனத்தில் எப்படிப்பட்ட சங்கிலி உருவாகும்?' என்று கேட்டால், பிள்ளைகள் தாமே கோத்துக் காட்டுவார்கள். அப்பா அடிப்பார், அம்மா சாப்பிடமாட்டாள், ஊரார் சிரிப்பார்கள், தங்கையின் படிப்பையும் நிறுத்திவிடுவார்கள், என்னால்தான் எல்லாம். இதில் எந்தக் கண்ணி நடந்தது, எந்தக் கண்ணி நடக்கும் என்று மனம் சொன்னது என்று பிரித்துப் பார்ப்பதே அன்றைய பாடம். மாற்று மதப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் புராணக் கதை இல்லாமலே இதைச் செய்யலாம். சங்கிலி எல்லாருக்கும் ஒன்றுதான்.

மூன்றாம் வாரம்தான் நேரடியாகப் பேசும் வாரம். எந்த முறையில் உயிர் போகிறது என்ற விவரம் எவ்விடத்தும் வரக் கூடாது. நாளிதழில் படித்த சம்பவத்தை யாராவது விவரிக்கத் தொடங்கினால் மென்மையாக நிறுத்திவிட வேண்டும். அறிகுறிகளைப் பற்றி உரையாடலாம். நெடுநாள் பேசாமல் ஒதுங்கியிருத்தல், உணவிலும் உறக்கத்திலும் மாற்றம், தான் பிறருக்குச் சுமை என்று சொல்லுதல், விடைபெறுவது போன்ற பேச்சு, ஆசையாக வைத்திருந்த பொருள்களை எடுத்துக் கொடுத்துவிடுதல், நெடுநாள் வாட்டத்துக்குப் பின் காரணமில்லாமல் திடீரென அமைதியாகிவிடுதல். இவற்றுள் ஒன்றைக் கண்டதும் முடிவுகட்டிவிட வேண்டாம். கண்டதும் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதை நடித்துப் பார்ப்பதே நல்லது. கொள்ளேகால் பக்கத்து விடுதி ஒன்றில் இரண்டு மாணவர்கள் பேசிக்கொள்வதாக ஒரு காட்சியை அமைக்கலாம்:

'டேய், உன் கிரிக்கெட் மட்டையை ஏன்டா எனக்குக் கொடுக்கிறே?'

'எனக்கு இனிமே வேண்டாம். நீ வச்சுக்கோ.'

'ரெண்டு நாளா நீ சாப்பிடவும் வரலை. என்னடா ஆச்சு?'

'ஒண்ணுமில்லடா. எல்லாம் போதும்னு இருக்கு.'

'போதும்னா? செத்துப் போயிடலாம்னு தோணுதா?'

'...யார்கிட்டயும் சொல்லிடாதே. சத்தியம் பண்ணு.'

காட்சி இங்கே நிறுத்தப்படுகிறது. அடுத்து அவன் என்ன சொல்ல வேண்டும்? பெரும்பாலான பிள்ளைகள், 'சத்தியம் செய்து கொடுப்பேன்' என்பார்கள். நட்பின் இலக்கணம் இரகசியம் காப்பது என்று அவர்கள் கற்றிருக்கிறார்கள். அதில் பெருமையும் கொள்கிறார்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் அந்த இலக்கணம் மாறுகிறது என்பதை அவர்களே விவாதித்து உணர வேண்டும். 'சொல்லக் கூடாது என்று சத்தியம் செய்தபின் சொன்னால் பாவம் இல்லையா?' என்ற கேள்வி நிச்சயம் எழும். அதற்கு நேரம் ஒதுக்குவது அவசியம். சத்தியமே செய்து கொடுக்காமல், 'உன்னை விட்டுப் போகமாட்டேன். ஆனால் இதை நாம் இரண்டு பேர் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது, வா, வார்டன் ஐயாவிடம் சேர்ந்து போகலாம்' என்று சொல்லப் பழகினால் சிக்கலே இல்லை. இந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். எழுதிப் படித்தது அவசர நேரத்தில் நாவில் வராது.

அமெரிக்காவில் ஐந்து உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 2,100 மாணவர்களிடம் இதே மூன்று படிகள் கற்பிக்கப்பட்டன: தோழனின் துன்பத்தை உண்மையென்று ஏற்றுக்கொள், உன் அக்கறையைக் காட்டு, பொறுப்புள்ள பெரியவரிடம் சொல். 2004-இல் வெளியான முடிவில், கற்ற பிரிவில் தற்கொலை முயற்சிகள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தன.

தோழனைக் காப்பாற்றும் முழுப் பொறுப்பும் பிள்ளையின் தோளில் ஏறிவிடக் கூடாது என்பதையும் வகுப்பிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். அவனுடைய கடமை பெரியவரிடம் கொண்டு சேர்ப்பதோடு முடிகிறது. எல்லாம் செய்தும் ஓர் உயிர் போகக்கூடும். அப்போது குற்றம் அவனுடையது அன்று.

பெரியவரின் ஆயத்தம்

'பெரியவரிடம் சொல்' என்று கற்பித்துவிட்டு, அந்தப் பெரியவர் ஆயத்தமாக இல்லாவிட்டால் பாடம் வஞ்சனையாகிவிடும். மாணவர் வகுப்புக்கு முன்பே ஆசிரியர்களும் விடுதிக் காப்பாளரும் மதிய உணவு சமைப்பவரும்கூட அமர்ந்து சிலவற்றை முடிவு செய்திருக்க வேண்டும். பிள்ளைகள் அதிகம் மனம் திறப்பது சில சமயம் சமையலறையில்தான்.

வந்து சொன்ன பிள்ளையைத் தனியே விடாமல் யார் உடனிருப்பது? பெற்றோருக்கு யார், எந்தச் சொற்களில் தெரிவிப்பது? துன்பத்தின் ஊற்றுக்கண் வீடேயானால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ யார் அழைப்பது? தாலுகா மருத்துவமனைக்கு எந்த வண்டியில் செல்வது? செவ்வாய்க்கிழமைகளில் மனநல மருத்துவர் தாலுகா மருத்துவமனைக்கு வரும் 'மனோசைதன்ய' திட்டத்தைக் கர்நாடக அரசு ஏற்படுத்தியது. அது தம் தாலுகாவில் எப்படி நடைபெறுகிறது என்று ஒருவர் நேரில் சென்று விசாரித்து வைத்திருப்பது நல்லது. இளைஞர்களுக்கு ஆலோசனை கூற நிம்ஹான்ஸ் துணையோடு மாவட்டங்கள்தோறும் 'யுவ ஸ்பந்தன' மையங்களும் அமைக்கப்பட்டன.

காவல்துறை வழக்குக்கு அஞ்சி விஷயத்தை மூடிவிடும் பள்ளிகள் இருந்தன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்கிறது. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையில் இடம்பெறவில்லை. 2025 ஜூலை 25-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய வழிகாட்டுதல்களின்படி, நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறையேனும் பயிற்சி தர வேண்டும். மலையடிவாரத்துச் சிறு பள்ளிக்கு அவ்வளவு மாணவர்கள் இருக்கமாட்டார்கள். அத்தகைய பள்ளி வெளியிலுள்ள ஆலோசகரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு.

வீட்டு வாசலைத் தாண்டும் முயற்சி ஒன்றையும் பெற்றோர் கூட்டத்தில் செய்யலாம். மஞ்சளும் கரும்பும் பூவும் விளையும் வட்டாரத்தில் பூச்சிமருந்து இல்லாத வீடு அரிது. அதைப் பூட்டி வைத்துச் சாவியைப் பெரியவர் வைத்துக்கொள்ள வேண்டும். 'சாகத் துணிந்தவனைப் பூட்டு தடுக்குமா?' என்பார்கள். தடுத்திருக்கிறது. கடும் நெருக்கடி பல சமயம் சில நிமிடங்களோ சில மணி நேரமோ நீடித்துத் தணிவது. அந்த நேரத்தைக் கடக்கப் பூட்டு உதவுகிறது. இலங்கையில் 1995-க்குப் பின் மிகக் கொடிய பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. இருபது ஆண்டுகளில் அங்குத் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. தமிழகத்தில் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், விவசாயிகளின் மருந்தைப் பொதுவான ஓரிடத்தில் பெட்டகங்களில் பூட்டி வைக்கும் முயற்சியைச் சிநேகா அமைப்பு செய்து பார்த்தது.

எத்தனை செய்தும் ஒரு பள்ளியில் அந்தத் துயரம் நேர்ந்துவிட்டால், மறுநாள் செய்ய வேண்டியதையும் முன்பே யோசித்திருப்பது நலம். இறந்த பிள்ளையின் படத்தை மேடையில் வைத்து, பெரிய அளவில் புகழஞ்சலி நடத்தினால், ஏற்கனவே தளர்ந்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது தவறான வழியைக் காட்டிவிடும். சம்பவமே நடக்காததுபோல் மௌனம் காப்பதும் தகாது. வகுப்பு வகுப்பாக, அவர்களுடைய ஆசிரியரே, விவரங்களைத் தவிர்த்து உண்மையைச் சொல்லி, அழுபவரை அழவிட்டு, நெருங்கிய தோழர்களையும் உடன்பிறந்தாரையும் தனியே அழைத்துப் பேச வேண்டும். காலியான இருக்கையை அவசரமாக எடுத்துப்போட வேண்டியதில்லை. எப்போது எடுக்கலாம் என்று அவ்வகுப்பு மாணவர்களையே கேட்கலாம்.

இறுதி வாரப் பாடத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரு சிறு அட்டையில், தாம் நம்பிப் பேசக்கூடிய பெரியவர் இருவர் பெயரைத் தம் மொழியில் எழுதுகிறார்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. இரண்டாவது பெயர் எழுத முடியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை ஆசிரியர் மனத்தில் குறித்துக்கொள்கிறார். அட்டையின் பின்புறம் 14416 என்ற எண் எழுதப்படுகிறது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கன்னடத்திலும் தமிழிலும் பேசலாம். ஒரு முறை வகுப்பிலேயே ஆசிரியர் அந்த எண்ணை அழைத்து, மறுமுனையில் எப்படி விசாரிக்கிறார்கள் என்று ஒலிபெருக்கியில் கேட்கச் செய்தால், பின்னொரு நாள் தனியே அழைக்க நேரும் பிள்ளைக்குத் தயக்கம் குறையும்.

மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். ஆசிரியர் உடனே கிளம்பாமல் கரும்பலகையை மெதுவாக அழித்துக்கொண்டு, ஒரு கால் மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். பையை அடுக்குவதாகப் பாவனை செய்துகொண்டு யாராவது ஒருவர் பின்தங்குவது உண்டு.